சுகாதாரக் கல்வியும் கார்த்திகைத் திருவிழாவும்

1866ஆம் ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் கூடிய சர்வதேச சுகாதார மகாநாடு, வாந்திபேதி தேசம் விட்டுத் தேசம் பரவுவதற்கு யாத்திரிகர் கூட்டமே பெருங்காரணமெனக் கண்டு இந்தியாவின் தீர்த்த ஸ்தலங்களை உற்றுநோக்கத் தொடங்கியது முதல், பக்தர்களுக்கே உரியதாக இருந்துவந்த திருவிழா, சர்க்காரின் சுகாதார உத்தியோகஸ்தர்களுக்கும் கவலை தரும் காரியமாயிற்று. பழியனைத்தையும் யாத்திரிகர் தலையில் சுமத்தியதில் ஐரோப்பியரின் அச்சமும் வர்த்தக நோக்கமும் கலந்திருந்தன என்றே நான் கருதுகிறேன். எனினும் ஒரே கிணற்றில் பல்லாயிரம் பேர் நீர் மொள்ளும் இடத்தில் நோய் விரைந்து பரவும் என்பதை அக்காரணத்தால் மறுத்துவிட இயலாது.

திருவண்ணாமலையில் இந்த ஆபத்து எளிதில் விளங்கும். கார்த்திகை உற்சவத்தின் பத்தாம் நாள் மாலையில், 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் தீபம் ஏற்றப்படும் அந்த ஒரு கணத்திற்காக, கட்டுச்சோற்று மூட்டையுடன் வண்டி கட்டி வந்தோரும், பின்னாளில் விழுப்புரம்–காட்பாடி இருப்புப்பாதை வழியே வந்திறங்கியோரும், மாட்டுச் சந்தைக்குக் காளைகளை ஓட்டிவந்த குடியானவர்களும் ஒருங்கே கூடுகையில், கிணறுகளும் குளங்களும் தாங்க வேண்டிய பாரம் சாமானியமானதன்று. அந்நீரைக் காப்பதற்குத்தான் பயிற்சி பெற்ற ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

அவர்கள் கற்ற வித்தைகளுள் ஒன்றைச் சற்றே விரித்துரைப்பது தகும். ஹாராக்ஸ் கருவி என்ற பெட்டியில் ஒரு கறுப்புக் கிண்ணமும் ஆறு வெள்ளைக் கிண்ணங்களும் இருக்கும். கறுப்புக் கிண்ணத்தில் 2 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக்கொண்டு, கிணற்று நீர் நிரப்பிய வெள்ளைக் கிண்ணங்களில் முதலாவதற்கு ஒரு துளி, இரண்டாவதற்கு இரண்டு துளி என்று வரிசையாக விட்டுக் கலக்கி, அரைமணி நேரம் காத்திருந்து, பின் ஸ்டார்ச்–அயோடைடு கரைசலில் மும்மூன்று துளி சேர்த்தால், எந்தக் கிண்ணத்தில் முதலில் நீலநிறம் தெளிவாகத் தோன்றுகிறதோ அதன் எண்ணை இரண்டால் பெருக்கிவரும் கிராம் அளவே 455 லிட்டர் நீருக்குப் போடவேண்டிய பவுடர். மூன்றாம் கிண்ணம் நீலமானால் 6 கிராம். மேஜைமீது இது மிக எளிது. குடத்தோடு வந்து நிற்பவர் அந்த அரைமணி காத்திருக்க மாட்டார் என்பதும், கிணற்றின் ஆழத்தைக் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கியே அறியவேண்டும் என்பதும், மருந்து வாடை வீசும் நீரைக் குடிக்க மறுப்பவரிடம் பேசி இணங்க வைப்பதே பாதி வேலை என்பதும் களத்தில் இறங்கிய பிறகே புலப்படும்.

1932இல் கல்கத்தாவில் அகில இந்திய சுகாதார ஸ்தாபனம் தோன்றி, மருத்துவப் பட்டதாரிகள் பொதுச் சுகாதாரத்தை மேற்படிப்பாகப் பயில வழி திறந்தது. 1939இன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி விதிகளே வகுத்தது. மருத்துவர் சமூகத்தை அறிந்தவராக வேண்டுமென்று 1946இல் போர் (Bhore) என்பவரின் தலைமையிலான கமிட்டி வற்புறுத்தியது. இவை யாவும் போற்றத்தக்கவையே. ஆனால் ஆசிரியர் மாணாக்கரைப் பரீட்சித்தாரேயன்றி, பயின்றவர் தாம் பெற்ற கல்வியைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்கும் வழக்கம் அக்காலத்தில் வேரூன்றவில்லை. குருவைக் குறை கூறலாகாது என்ற நம் மரபும் அதற்கு ஒரு காரணம் போலும்.

திருவண்ணாமலைக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, முதலாண்டு மாணவர்களையே கிராமத்தில் தங்கவைத்து வீடுவீடாகக் கணக்கெடுக்கச் செய்து களத்தையே வகுப்பறையாக்கியது. மாணாக்கரின் அபிப்பிராயத்தைச் சாஸ்திர முறையில் திரட்டும் முயற்சியோ பெங்களூரில் நடந்தது: 1990களின் தொடக்கத்தில் அங்குள்ள கம்யூனிட்டி ஹெல்த் செல் என்ற அமைப்பு, பட்டம் பெற்றபின் ஒதுக்குப்புறச் சுகாதார நிலையங்களில் பணியாற்றிய மருத்துவர்களிடம், தாம் பயின்றவற்றுள் எது உதவிற்று, எது போதாமற் போயிற்று என்று கேட்டறிந்து, பாடத்திட்ட மாற்றத்திற்கு அதையே ஆதாரமாக முன்வைத்தது. வகுப்பு முடியும் நாளிலே கேட்காமல் வேலையில் அடிபட்ட பின் கேட்டார்களே, அதுதான் அம்முயற்சியின் சிறப்பு. 2001இல் சென்னைத் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் தொடங்கிய ஈராண்டு முதுநிலைப் பயிற்சியும், பணியிலிருக்கும் மருத்துவர்களைச் சேர்த்துக்கொண்டு பெரும்பகுதிக் காலத்தைக் களத்திற்கே ஒதுக்கியது.

1989இல் தனி மாவட்டமான திருவண்ணாமலைக்கு இப்போது அரசு மருத்துவக் கல்லூரியும் வாய்த்துவிட்டது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பெருங்கூட்டம் நடக்கிறது. இக்கூட்டத்தின் சுகாதாரத்தைக் காக்கச் செல்வோருக்குத் தரும் பயிற்சியின் இறுதி நாளில் நன்று, மிக நன்று என்று கட்டத்தில் குறியிடச் சொல்லும் காகிதத்தால் ஆசிரியர் மனம் குளிருமே தவிர வேறு பயனில்லை. சுகாதாரக் கல்வியை நடத்தும் பெரியோர்கள், தீபத் திருவிழாப் பணிக்குச் சென்று திரும்பும் இளைஞர்களை அவ்வாரத்திலேயே அழைத்து உட்காரவைத்து, நாங்கள் கற்பித்ததில் எது அங்கே செல்லவில்லை என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதிவைத்து, அடுத்த ஆண்டுப் பாடத்தை அதன்படி திருத்தி அமைப்பார்களாக.