ரத வீதி வெயிலும் லென்ஸ் வளையத்து எண்ணும்

ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் தேர் நிலையை விட்டு நகரும்போது டவுண் ரத வீதிகளில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. அன்று எந்த லென்ஸும் நல்ல லென்ஸ்தான். அதே டவுணில் விடியுமுன் முகூர்த்தம் வைத்த கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால்தான், லென்ஸ் வளையத்தில் '18-55' என்பதற்குப் பக்கத்தில் பொறித்திருக்கும் '3.5-5.6' தன் குணத்தைக் காட்டும்.

அந்த எண்ணின் கதை பழையது. 1858இல் மதுரைக் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்த கேப்டன் லினேயஸ் டிரைப், மெழுகேற்றிய காகித நெகட்டிவில் நிமிடக் கணக்கில் ஒளி விழவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. கல் தூண்கள் அசையாததால் பிழைத்தார். அதே ஆண்டு இங்கிலாந்தில் ஜான் வாட்டர்ஹவுஸ் என்பவர், வெவ்வேறு அளவில் துளையிட்ட தகடுகளை லென்ஸுக்குள் செருகும் முறையைக் கொண்டுவந்தார். எந்தத் துளைக்கு என்ன எண் என்பதில் பிறகு நெடுங்காலம் குழப்பம். 1881இல் பிரிட்டன் போட்டோகிராபிக் சங்கம் ஒரு கணக்கு வகுத்தது. அதில் இன்றைய எஃப்/4க்கு 1 என்றும் எஃப்/8க்கு 4 என்றும் பெயர். 1920கள் வரை கோடாக் கேமராக்கள் சிலவற்றில் அந்த எண்கள் இருந்தன. கடைசியில் நிலைத்தது எஃப் எண்தான்: குவியத் தூரத்தை, முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது.

ஒரே குவியத் தூரம் உள்ள லென்ஸுக்கு இந்தக் கணக்கு லேசு. ஸூம் வந்ததும் சிக்கல் வந்தது. 1959இல் போய்க்ட்லேண்டர் வெளியிட்ட 'ஸூமார்', ஸ்டில் கேமராவுக்கான முதல் ஸூம்களில் பேர்போனது. 36 முதல் 82 மி.மீ. வரை எங்கு திருப்பினாலும் 2.8தான். 1963இல் நிக்கான் கொண்டுவந்த 43-86ம் முழுக்க 3.5. விலையையும் எடையையும் குறைக்க வேண்டி வந்தபோதுதான் இரட்டை எண் பரவியது. 1995இல் வந்த நிக்கான் எஃப்எம்10 கேமராவோடு கிடைத்த 35-70 லென்ஸில் '3.5-4.8' என்றிருந்தது. நம்மூரில் போட்டோ படித்த பலருக்கு முதல் ஸூம் அதுதான். 2003இல் கேனான் 300டியோடு 18-55 வந்து சேர்ந்தது.

இரட்டை எண்ணைப் பார்த்து, ஸூம் செய்தால் துளை சுருங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். 18 மி.மீ.யில் துளையின் விட்டம் சுமார் 5 மி.மீ.; 55க்குப் போனால் ஏறக்குறைய 10 ஆகிறது. ஆனால் குவியத் தூரம் மூன்று மடங்காகும்போது துளை இரண்டு மடங்கு மட்டும் வளர்ந்தால் போதாதே. சென்சாரில் விழும் ஒளி இரண்டரை மடங்கு குறைகிறது. மணமேடையில் 1/60 நொடியில் எடுத்த படத்துக்கு இப்போது 1/25 தேவை. தாலி கட்டும் கை அதுவரை நிற்காது. ஃப்ளாஷைப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும்.

மாறாத 2.8க்குக் கண்ணாடிதான் விலை. 70-200 லென்ஸ் கடைசி முனையிலும் 2.8 தர 71 மி.மீ. துளை வேண்டும். லட்சத்தைத் தாண்டும் விலையும் ஒன்றரைக் கிலோ பாரமும் அதனால் வருபவை.

அதற்காக இரட்டை எண் லென்ஸை மட்டமாகப் பேசுவது நியாயமில்லை. கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்தைத் துரத்துகிறவர்கள் பலர் 150-600, 5-6.3 ஸூமைத்தான் தூக்குகிறார்கள். 600 மி.மீ.யில் 6.3க்கே 95 மி.மீ. துளை தேவை. அங்கே 2.8 கேட்டால் முன் கண்ணாடி சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிடும். பகலில் குளக்கரையில் அந்த வம்பு எதற்கு?

மண்டபத்தில், கேமராவோடு சேர்ந்தே வரும் 18-55 கிட் லென்ஸோடு திணறுகிறவர்கள் 2.8 ஸூமுக்குக் கடன் வாங்குமுன் ஒரு சாதாரண 50 மி.மீ. 1.8 லென்ஸைப் போட்டுப் பாருங்கள். முழுக்க நீட்டிய கிட் லென்ஸைவிட ஒன்பது மடங்குக்கு மேல் ஒளி தரும். ஸூம் மட்டும் கிடையாது. இரண்டடி முன்னால் போய் நிற்க வேண்டியதுதான்.