காலி ஸ்லாட்டின் கதை

பழைய கம்ப்யூட்டரைத் தேற்றுவதா, புதிது வாங்குவதா என்பதை வயதை வைத்தே முடிவு செய்கிறோம். ஆறு வருஷம் ஆச்சா, தூக்கிப் போடு. ஆனால் ஒரு மெஷின் எத்தனை நாள் உழைக்கும் என்பது, அதைத் திறந்து மாற்ற இடம் விட்டார்களா என்பதைப் பொறுத்தே இருந்துவந்திருக்கிறது. 1977-ல் வந்த ஆப்பிள் 2-ல் எட்டு ஸ்லாட்டுகள். 1981-ன் ஐ.பி.எம். பி.சி.யில் ஐந்து, மெமரி 16 கே.பி.யில் தொடங்கினாலும் கூட்டிக்கொள்ள வழியிருந்தது. கணக்குப் போடும் 8087 சில்லுக்கென ஒரு சாக்கெட்டைக் காலியாகவே விட்டிருந்தார்கள், காசு சேர்ந்ததும் வாங்கிச் செருகிக்கொள் என்பதுபோல. அதே ஆப்பிள் 1984-ல் கொண்டுவந்த மேகின்டாஷில் ஸ்லாட்டே இல்லை, 128 கே.பி. மெமரியைப் போர்டிலேயே பற்றவைத்திருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 512 கே.பி. மாடலும் கடைக்கு வந்துவிட்டது. முதலில் வாங்கியவர்களின் வயிற்றெரிச்சலைச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னை ரிச்சி தெருவின் அசெம்பிள் மெஷின்கள் ஐ.பி.எம். பி.சி.யின் வழிவந்தவை. 'பீப் பீப்' என்று கத்தும் சிபியுவைத் திறந்து, ராமைக் கழற்றி, அதன் தங்க நிறக் காலைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துச் செருகினால் பல சமயம் எழுந்து உட்காரும். வேகம் குறைந்தாலும் பெரும்பாலும் பழி பிராசஸர் மேல் இல்லை. விண்டோஸ் 95-க்குக் குறைந்தபட்சம் 4 எம்.பி. என்றார்கள், 8 போட்டவர்தான் நிம்மதியாக வேலை பார்த்தார். பின்னாளில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்து எஸ்.எஸ்.டி. போட்டவர்கள் கண்டதும் இதைத்தான்.

புதியது கரன்ட் குறைவாகத் தின்னும், ராமைப் பற்றவைத்தால் லேப்டாப் மெலியும் என்பார்கள். உண்மைதான். லெட்டர் அடித்துப் படம் பார்க்கிற வீட்டுக்கு அந்த மெலிவால் என்ன லாபம்? கனமான வாதம் பாதுகாப்புதான்: அப்டேட் நின்ற மெஷினில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், 2017-க்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களை அது பெரும்பாலும் சேர்ப்பதில்லை. எதுவும் தேயாமலே மெஷின் கிழடாகிவிட்டது! அதிலேயே லினக்ஸ் போட்டால் அப்டேட்டோடு ஓடும். டேலி மாதிரி விண்டோஸில் ஓடும் கணக்கு மென்பொருளை நம்பியிருக்கிறவர்கள் புதிது வாங்கட்டும். வாங்கும்போது, விலைக்கு முன்னால், ராமும் டிஸ்க்கும் கழற்ற வருமா என்று கேளுங்கள்.