முன் டிஃப்புக்கு லாக்கர் போடலாமா? ஃபோர்வீல் வண்டிக்குக் காசு செலவு செய்யும் முன் தெரிஞ்சிக்க வேண்டியவை

செர்டாங், கெடா: மழை விட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும். செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில், மேட்டின் பாதியில் ஒரு பிக்கப் நிற்கிறது. ஃபோர்வீல் போட்டாச்சு, லோ கியரும் போட்டாச்சு. ஆனால், முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் மட்டுமே சேற்றில் சுற்றுகின்றன. மற்ற இரண்டும் அசையவே இல்லை.

வண்டியில் இருப்பது பழக்குலை என்றால் இது வெறும் எரிச்சல் மட்டும் அல்ல. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் பழத்தில் கொழுப்பு அமிலம் கூடி எண்ணெயின் தரம் இறங்கும்.

பண்டார் பாரு, கூலிம் வட்டாரத்து இளைஞர்கள் பலருக்கு ஃபோர்வீல் வண்டி வேலைக்கும் உதவுகிறது, வாரக்கடைசி பொழுதுபோக்குக்கும் உதவுகிறது. இப்படி ரெண்டு தடவை மாட்டிக்கொண்டால் போதும், “முன் டிஃப்புக்கு ஒரு லாக்கர் போட்டுரு” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அதற்கு ஆகும் செலவோ ஆயிரக்கணக்கான ரிங்கிட். அது உங்களுக்குத் தேவையா, தேவை என்றால் எந்த வகை என்று பார்ப்போம்.

டிஃப் என்ன வேலை செய்யுது?

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓடணும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுப்பதுதான் டிஃபரென்ஷியல். நம் பேச்சில் டிஃப்.

சாதாரண டிஃப்பை ‘ஓப்பன் டிஃப்’ என்பார்கள். அது இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், அதைச் சுற்ற மிகக் கொஞ்சம் விசையே போதும். பிடிமானத்தோடு நிற்கும் அடுத்த சக்கரத்துக்கும் அதே கொஞ்ச விசைதான் கிடைக்கும். அதனால் அது நகராது.

முன்னும் பின்னும் ஓப்பன் டிஃப் இருந்தால், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வழுக்கினாலே கதை முடிந்தது. பள்ளத்தில் குறுக்காக ஏறும்போது மூலைக்கு மூலையாக இரண்டு சக்கரங்கள் தூக்கிக்கொள்வது இதனால்தான் சிக்கலாகிறது. புதிய மாடல்கள் பலவற்றில் உள்ள டிராக்ஷன் கண்ட்ரோல், வழுக்கும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து, அடுத்த சக்கரத்துக்கு விசை போக வைக்கிறது. பல தோட்ட ரோடுகளுக்கு அதுவே போதும். உங்கள் வண்டியில் அது இருக்கா என்று முதலில் பாருங்க.

உங்க வண்டியின் முன்பக்கம் எப்படி?

வாங்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு தடவை பார்ப்பது நல்லது. சுசுகி ஜிம்னி, பழைய ஹைலக்ஸ், லேண்ட் குரூசர் 70 ஆகியவற்றில் முன்னால் ஒரே கட்டையான ஆக்சில் இருக்கும். இது தடிப்பானது, அடி தாங்கும்.

இப்போதைய ஹைலக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர், டி-மேக்ஸ், நவாரா எல்லாவற்றிலும் முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். டிஃப் நடுவில் சேஸியோடு பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் சிவி ஜாயிண்ட் வைத்த டிரைவ் ஷாஃப்ட் போகும். ரோட்டில் ஓட்ட இது சுகம். ஆனால், பெரும்பாலான பிக்கப்களில் முன் டிஃப், பின் டிஃப்பைவிடச் சிறியது. சிவி ஜாயிண்டுக்கும் ஓர் எல்லை உண்டு. வண்டியைத் தூக்கி லிஃப்ட் போட்டிருந்தால் அந்த ஜாயிண்ட் இன்னும் சாய்வான கோணத்தில் வேலை செய்யும், அதன் தாங்கும் சக்தி இன்னும் குறையும்.

சந்தையில் உள்ள வகைகள்

ஹெலிக்கல் எல்எஸ்டி: பற்சக்கரங்களின் உராய்வால் இயங்குவது. ஒரு சக்கரம் வழுக்கும்போது, பிடிமானம் உள்ள சக்கரத்துக்குக் கூடுதல் விசையைத் தானாகவே அனுப்பும். பட்டன் இல்லை, சத்தம் இல்லை, ஸ்டீயரிங் கனமாகாது. குறை ஒன்றுதான். ஒரு சக்கரம் முழுசா காத்துல தொங்கினால் இது அவ்வளவாக உதவாது. அப்போது பிரேக்கை லேசாக மிதித்தபடி எண்ணெய் கொடுத்துப் பார்க்கலாம்.

கிளட்ச் எல்எஸ்டி: உள்ளே உராய்வுத் தட்டுகள் இருக்கும். அவை நாளாக நாளாகத் தேயும். எண்ணெயும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பெரும்பாலும் பின் டிஃப்பில்தான் இதைப் பார்க்கலாம்.

ஆட்டோமேட்டிக் லாக்கர்: எண்ணெய் கொடுத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும், திரும்பும்போது விட்டுக்கொடுக்கும். விலை குறைவு, கம்ப்ரஸரோ வயரோ வேண்டாம். ஆனால், ஃபோர்வீலில் இருக்கும்போது ஸ்டீயரிங் முரண்டு பிடிக்கும். சக்கரத்தில் ஃப்ரீ ஹப் இருந்தால் தார் ரோட்டில் தொல்லை இல்லை. முன் ஆக்சிலின் ஒரு பக்கத்தை மட்டும் தானாகத் துண்டிக்கும் அமைப்பு இருந்தால், டூவீலில் ஓடும்போதும் முன் புரொபெல்லர் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். அதிர்வும் தேய்மானமும் கூடலாம்.

பட்டன் லாக்கர்: வேண்டும்போது மட்டும் பூட்டலாம், மற்ற நேரத்தில் சாதாரண ஓப்பன் டிஃப். காற்றில் இயங்குவதும் உண்டு, மின்சாரத்தில் இயங்குவதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனத்தின் ஏர் லாக்கர் இதில் பிரபலமானது. காற்று வகைக்குக் கம்ப்ரஸர் வேண்டும், குழாயிலோ சீலிலோ கசிவு வரலாம். மின்சார வகையில் வயரும் கனெக்டரும் சேற்றுத் தண்ணீரைத் தாங்க வேண்டும். முன் டிஃப்புக்கு, கையில் கட்டுப்பாடு உள்ள இந்த வகைதான் பெரும்பாலும் பொருத்தம். விலையும் இதற்குத்தான் அதிகம்.

முதலில் முன்னாலா, பின்னாலா?

மேடு ஏறும்போது வண்டியின் எடை பின்பக்கம் சாயும். சரக்கு ஏற்றினால் இன்னும் அதிகம். பிடிமானம் எங்கே இருக்கோ அங்கேதான் லாக்கர் முதலில் பயன் தரும். அதனால் பொதுவாகப் பின் டிஃப்தான் முதல். சில வண்டிகளில் பின் டிஃப் லாக் கம்பெனியிலிருந்தே வரும். அந்தப் பட்டனை ஒரு தடவைகூட அழுத்திப் பார்க்காதவர்களும் உண்டு!

பின்னால் லாக்கர் இருந்தும் மாட்டுகிறது, மேட்டில் முன்பக்கம் லேசாகித் துள்ளுகிறது, ஒரு முன் சக்கரம் மட்டும் காற்றில் சுற்றுகிறது என்றால், அப்போது முன் லாக்கரைப் பற்றி யோசிக்கலாம். பள்ளத்தின் விளிம்பில் ஏறும்போது முன்பக்கத்தை இழுத்துக்கொண்டு போவதில் அதற்கு நிகர் இல்லை.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய மலிவான வேலைகள் இருக்கு. நல்ல மட் டயர் போடுவது, மண் ரோட்டில் டயர் காற்றைக் குறைப்பது, இழுக்கும் பெல்ட்டும் ஷேக்கிளும் வைத்திருப்பது, டிஃப் பிரீதர் குழாயை இன்ஜின் அறை உயரத்துக்கு நீட்டுவது. பிரீதர் தாழ்வாக இருந்தால், ஆற்றில் இறங்கும்போது சூடான டிஃப் சட்டென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். எண்ணெய் தே தாரிக் நிறத்தில் வெளியே வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

1997-இல் மலேசியாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியின் வீடியோக்களைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். போட்டிக்காகவே கட்டிய அந்த வண்டிகள், மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவை அல்ல.

ரேஷியோவையும் மாத்தணுமா?

பெரிய டயர் போட்டவர்களுக்கு இந்தக் கேள்வி வரும். ஒரு கணக்கு பார்ப்போம். 17 அங்குல ரிம்மில் 265/65 டயரின் உயரம் சுமார் 776 மில்லிமீட்டர். 285/70 போட்டால் சுமார் 831 மில்லிமீட்டர். அதாவது 7 விழுக்காடு அதிகம். மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 107-இல் ஓடும். இழுவையும் அதே அளவு குறையும். 3.9 ரேஷியோ உள்ள வண்டி பழைய இழுவைக்குத் திரும்ப, சுமார் 4.17 வேண்டும். கடையில் கிடைப்பது 4.1 அல்லது 4.3 ஆக இருக்கலாம்.

இங்கே ஒரு விதியை மறக்கவே கூடாது: முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி ஃபோர்வீல் போட்டால், முன் பின் சக்கரங்கள் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும். கடைசியில் டிரான்ஸ்ஃபர் கேஸோ ஷாஃப்ட்டோ உடையும். அதனால் ரேஷியோ மாற்றுவது எப்போதும் இரண்டு டிஃப் வேலை, இரண்டு டிஃப் செலவு. எண் கூடக்கூட பினியன் பொதுவாகச் சிறிதாகும், வலுவும் குறையும் என்பதையும் நினைவில் வைங்க.

லாக்கரையும் ரேஷியோவையும் எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் சேர்த்தே செய்யுங்க. டிஃப்பைத் திறந்து செட் செய்யும் கூலி ஒரு தடவையோடு போகும்.

முன் லாக்கர் போட்ட பிறகு

பூட்டிய முன் ஆக்சில் வண்டியை நேராகவே இழுக்கும். ஸ்டீயரிங்கை முழுசா ஒடித்து வைத்துக்கொண்டு எண்ணெயை அழுத்தினால், முதலில் போவது சிவி ஜாயிண்ட்தான். லோ கியரில், மெதுவாக, முடிந்தவரை நேராக ஓட்டுங்க. தடையைத் தாண்டியதும் உடனே பட்டனை அணைங்க. தார் ரோட்டில் முன் லாக்கரைப் போடவே கூடாது. வண்டி திரும்ப மறுத்தால் உங்கள் உயிருக்கும் எதிரே வருகிறவர் உயிருக்கும் ஆபத்து.

சட்டமும் அனுமதியும்

1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வாகன மாற்றங்களைக் கண்காணிப்பது ஜேபிஜே. டிஃப்புக்குள் இருப்பது வெளியே தெரியாது. ஆனால், அதோடு சேர்ந்து வரும் லிஃப்டும் ஃபெண்டருக்கு வெளியே துருத்தும் டயரும் தெரியும். எதற்கு அனுமதி வேண்டும் என்று வேலையைத் தொடங்கும் முன்பே ஜேபிஜேயிடம் கேளுங்க. காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்க. புது வண்டி என்றால் வாரண்டி என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்க.

ஓட்டும் இடமும் முக்கியம். தோட்டம் தனியார் நிலம். வனக் காப்பகத்துக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும்.

போர்மனிடம் கேட்க வேண்டியவை

• இதே மாடலுக்கு முன் டிஃப் வேலை செய்திருக்கிறாரா?
• பேக்லாஷை டயல் கேஜ் வைத்து அளப்பாரா, கண் மதிப்பா?
• கிரவுன் வீல், பினியன் பற்கள் உரசும் தடத்தைச் சாயம் பூசிக் காட்டுவாரா?
• பேரிங்கும் சீலும் புதிதாகப் போடுவாரா?
• சத்தம் வந்தால் மறுபடியும் திறந்து பார்க்கும் செலவு யாருடையது?

டிஃப் செட்டிங் என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கு. விலை உயர்ந்த லாக்கரைத் தப்பாகப் பொருத்தினால் ஊளைச் சத்தத்தில் தொடங்கி, பல் உடைவதில் போய் முடியும். புதுப் பற்சக்கரம் போட்டால் முதல் சில நூறு கிலோமீட்டர் பாரம் ஏற்றாமல் ஓட்டி, பிறகு எண்ணெயை மாற்றுங்க.

சுருக்கமா சொன்னா

வாரத்தில் ஒரு நாள் தோட்ட ரோட்டில் போகிறவருக்கு நல்ல டயரும் பின் லாக்கும் போதும். அடிக்கடி மேடு ஏறுகிறவர், பின் லாக்கர் ஏற்கெனவே உள்ளவர், மெதுவாக ஓட்டும் பொறுமை உள்ளவர் என்றால் பட்டன் வகை முன் லாக்கர் சரியான தேர்வு. எதைப் போட்டாலும் சரி, மழை விட்டதும் இறங்கி ரோட்டைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கும் பழக்கத்தை விட்டுடாதீங்க.