'மைன்' என்றொரு வினைச்சொல்

நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு 'மைன்' என்றால் டேட்டா மைனிங், இல்லையென்றால் பிட்காயின். கோலார் தங்கவயல் பக்கத்து ஆட்களுக்கோ 'மைன்ஸ்' என்றால் ஒன்றே ஒன்றுதான். சொல் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தோண்டிப் பார்ப்போமே (சிலேடைக்கு மன்னிக்க!).

பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதற்கும் முன்னே கெல்டிக் மொழி வேர் என்கிறார்கள். வெல்ஷில் 'ம்வின்' என்றால் தாது. ஆங்கிலத்தில் 1300 வாக்கில் வினைச்சொல்லாக வந்தபோது அதன் பொருள் தங்கம் எடுப்பதல்ல, எதிரியின் கோட்டைச் சுவருக்கு அடியில் குடைந்து அதைச் சாய்ப்பது. குடையும்போது மரத்தூண் முட்டுக் கொடுப்பார்கள், பிறகு தூணுக்குத் தீ வைப்பார்கள். 1215இல் ராச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்ட ஜான் மன்னர், அந்தத் தீக்காக 40 கொழுத்த பன்றிகளைக் கேட்டு வாங்கினாராம்! பின்னாளில் அதே குழியில் வெடிமருந்து வைத்தார்கள். கண்ணிவெடிக்கும் 'மைன்' என்று பெயர் வந்தது அப்படித்தான். 'அண்டர்மைன்' என்ற சொல்லில் அந்தப் பழைய வேலை இன்னும் அப்படியே இருக்கிறது.

நம்ம 'சுரங்கம்' மட்டும் சளைத்ததா? சமஸ்கிருத 'சுருங்கா'விலிருந்து வந்தது, அதுவோ கிரேக்க 'சிரிங்ஸ்' (குழல்) என்பார்கள் அறிஞர்கள் பலர். அர்த்தசாஸ்திரத்திலும் சுருங்கா தங்கத்துக்காக இல்லை. முற்றுகைக்கும் தப்பி ஓடவும்தான்.

பங்காருபேட்டைக்கு முன்பு பௌரிங்பேட்டை என்று பெயர், மைசூர் கமிஷனர் லெவின் பௌரிங் நினைவாக. இப்போதைய பெயரில் 'பங்காரு', அதாவது தங்கம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன நம்ம ஜனங்கள், பெரும்பாலும் தலித்துகள், குழியில் இறங்கினார்கள். 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு ரயில். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அவ்வளவு ஆழத்தில் பாறை தானாகவே வெடிக்கும். மேலே வீடுகள் குலுங்கும்.

கல்தூசி வேறு நுரையீரலைக் குடைந்தது. இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதலில் கண்டறியப்பட்டதே இங்கேதான், 1934இல். அகராதி சொல்லும் அந்த முதல் அர்த்தம் இதுதானே?

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். அதன்பிறகு நிறைய பேர் விடிகாலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் பிள்ளைகளில் சிலர் அங்கே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் மைனிங் என்றுதான் பெயர்.