எடையைப் பகைத்த ஒரு பட்டறை



மோட்டார் வண்டியின் வரலாறு என்றவுடன் பெரிய தொழிற்சாலைகளின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. இலட்சக்கணக்கில் வண்டிகளைச் செய்து உலகெங்கும் அனுப்பியவர்களின் கதையைப் பலரும் எழுதியிருக்கின்றனர். ஆனால், தகட்டைக் கையால் தட்டி, வண்டி வண்டியாக உருவாக்கிய சிறு பட்டறைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அத்தகைய பட்டறை ஒன்று இத்தாலி நாட்டின் மிலான் நகரில் 1926ஆம் ஆண்டு தோன்றி, நாற்பது ஆண்டுகள் புகழோடு வாழ்ந்து, 1966ஆம் ஆண்டில் மறைந்தது. அதன் பெயர் ‘கரோட்ஸெரியா டூரிங்’ என்பது. அது எவ்வாறு உயர்ந்தது, ஏன் வீழ்ந்தது என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

‘கரோட்ஸா’ என்றால் இத்தாலிய மொழியில் குதிரை வண்டி என்று பொருள். அவ்வண்டிக்குக் கூடு கட்டும் தொழிலகம் ‘கரோட்ஸெரியா’ எனப்பட்டது. மோட்டார் வண்டி தோன்றிய பிறகும் அப்பெயர் மாறவில்லை. தொழிலும் நெடுநாள் மாறவில்லை. அக்காலத்தில் செல்வர் ஒருவர் சிறந்த வண்டி வாங்க விரும்பினால், தொழிற்சாலையிலிருந்து அவருக்குக் கிடைப்பது எஞ்சினும் சக்கரங்களும் பூட்டிய அடிச்சட்டம் மட்டுமே. அதனை ‘சேஸிஸ்’ என்பர். அதன்மேல் அமரும் கூட்டை, ‘பாடி’ என்று தொழிலாளர் வழங்குவதை, வேறொரு பட்டறையில் தம் விருப்பப்படி கட்டுவித்துக்கொள்வார். ஆகவே ஒரு வண்டியின் உயிர் ஓரிடத்திலும் உருவம் வேறோரிடத்திலும் பிறந்தன. இந்தப் பிரிவினையே சிறு பட்டறைகளுக்கு வாழ்வளித்தது. இதனை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கதையின் முடிவு இதில்தான் அடங்கியிருக்கிறது.

டூரிங் பட்டறையை நிறுவியவர்கள் ஃபெலிச்சே பியாங்கி ஆண்டர்லோனி, கயெத்தானோ பொன்ஸோனி என்னும் இருவர். இருவரும் சட்டம் பயின்றவர்கள். ஆண்டர்லோனிக்கோ வழக்கு மன்றத்தைவிட வண்டிகளின்மீதே நாட்டம் மிகுதி. இசோட்டா ஃபிராஸ்கினி என்னும் புகழ்பெற்ற நிறுவனத்தில் வண்டிகளை ஓட்டிச் சோதிக்கும் பணியை அவர் செய்திருந்தார். விரைந்து செல்லும் வண்டியின் வேகத்தைத் தடுப்பவை எவை என்பதைத் தம் கைகளாலேயே உணர்ந்தவர் அவர். மிலானில் விட்டோரியோ அஸ்காரி என்பவர் நடத்திய ‘ஃபால்கோ’ என்னும் கூடுகட்டும் பட்டறையை வாங்கி, நண்பர் இருவரும் ‘டூரிங்’ என்று புதுப்பெயர் சூட்டினர். ஆல்ஃபா ரோமியோ நிறுவனத்தின் தொழிற்சாலை அருகிலேயே இருந்தது அவர்களுக்கு நல்வாய்ப்பாயிற்று.

ஆண்டர்லோனியின் கொள்கை எளியது. வண்டிக்குப் பகை எடை. அதற்கு அடுத்த தடை காற்று. இவ்விரண்டையும் வென்றால், எஞ்சினுக்கு வலிமை கூட்டாமலே வேகத்தைக் கூட்டலாம் என்று அவர் கருதினார். தொடக்கத்தில் அவர் கைக்கொண்டது வெய்மன் என்பார் கண்ட முறை. வெய்மன் விமானம் ஓட்டியவர்; விமானத்தின் உடலைப்போலவே வண்டியின் கூட்டையும் இலேசான மரச்சட்டங்களால் அமைத்து, அதன்மேல் துணியைப் போர்த்தினார். மரமும் மரமும் உராய்ந்து கிரீச்சிடாதவாறு, இணைப்புகளில் உலோகத் துண்டுகளை வைத்தார். எடை குறைந்தது; ஓசை அடங்கியது. ஆனால் துணியோ நீடித்து உழைப்பதில்லை. அழகிய வளைவுகளுக்கும் இணங்குவதில்லை.

ஆண்டர்லோனி பல ஆண்டுகள் சிந்தித்து, 1936ஆம் ஆண்டளவில் தமக்கே உரிய முறை ஒன்றை வகுத்து அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு ‘சூப்பர்லெஜேரா’ என்று பெயர். ‘மிகமிக இலேசானது’ என்பது பொருள். அதன் அமைப்பை நம் வீட்டுக் குடையைக்கொண்டு விளங்கிக்கொள்ளலாம். குடைக்கு வடிவம் தருபவை மெல்லிய கம்பிகள். துணி அக்கம்பிகளைத் தழுவி நிற்கிறது. அதுபோலவே சிறு விட்டமுள்ள எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, வண்டியின் வடிவத்தை ஓர் எலும்புக்கூடாக அமைத்தனர். அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகடுகளைப் போர்த்தி, ஓரங்களைக் குழாய்களின்மேல் மடித்துவிட்டனர். எஃகும் அலுமினியமும் ஈரத்தில் நேரே தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். ஆகவே இடையிடையே துணியைச் சுற்றினர். தகடுகளை வளைத்தவை பெரிய அச்சு எந்திரங்கள் அல்ல; சுத்தியலும், மரக்கட்டையும், தேர்ந்த தொழிலாளியின் கண்ணுமேயாகும்.

காற்றின் தடையை அறிய அவர்கள் கையாண்ட வழியும் எளியதே. வண்டியின் மேற்புறம் முழுவதும் சிறு துணிக்கீற்றுகளை ஒட்டி, நெடுஞ்சாலையில் விரைந்து ஓட்டுவர். பக்கத்தில் செல்லும் மற்றொரு வண்டியிலிருந்து படம் பிடிப்பர். கீற்றுகள் படிந்து கிடக்கும் இடத்தில் காற்று தடையின்றி ஓடுகிறது; அவை துள்ளும் இடத்தில் சுழல்கிறது. அதைக் கண்டு வடிவத்தைத் திருத்துவர்.

இம்முறையின் பயன் விரைவிலேயே தெரிந்தது. 1938ஆம் ஆண்டு, இத்தாலியின் பொதுச் சாலைகளில் ஆயிரம் மைல் ஓடும் ‘மில்லே மில்யா’ பந்தயத்தில், டூரிங் கூடு கட்டிய ஆல்ஃபா ரோமியோ வண்டியில் கிளெமெந்தே பியொந்தெத்தி வெற்றி பெற்றார். ஜெர்மன் நாட்டு பி.எம்.டபிள்யூ நிறுவனமும் மிலானை நாடி வந்தது. அதன் ‘328’ என்னும் வண்டியின் எஞ்சின் இரண்டு லிட்டர் அளவினதே. அதற்கு டூரிங் கட்டிய மூடிய கூட்டோடு அவ்வண்டி 1939ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. மறு ஆண்டு ஏப்ரல் திங்களில் நடந்த மில்லே மில்யா பந்தயத்தில், ஹூஷ்கே ஃபொன் ஹான்ஸ்டைன், வால்ட்டர் பொய்மர் ஆகியோர் ஓட்ட, மணிக்குச் சராசரி 166 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் அதே வண்டி வாகை சூடியது. அதே பந்தயத்தில், ஆல்ஃபா ரோமியோவிலிருந்து விலகிய என்சோ ஃபெராரி முதன்முதலாகத் தாமே செய்த இரண்டு வண்டிகள் ஓடின; அவை இறுதிவரை ஓடவில்லை. அவற்றுக்கும் கூடு கட்டியது டூரிங் பட்டறையே. அடுத்த ஜூன் திங்களில் இத்தாலி போரில் இறங்கியது. பந்தயச் சாலைகள் அமைதியாயின.

போருக்குப்பின் 1948ஆம் ஆண்டு ஆண்டர்லோனி காலமானார். அவருடைய மகன் கார்லோ ஃபெலிச்சே பொறுப்பேற்றார். அவ்வாண்டே தூரின் நகரக் கண்காட்சியில் ஃபெராரியின் ‘166 எம்.எம்.’ என்னும் திறந்த வண்டி, டூரிங் கட்டிய கூட்டோடு காட்சிக்கு வந்தது. அலங்காரம் ஏதுமின்றி, ஒரு சிறு படகுபோல் அது விளங்கியது. ஆகவே அதனைச் ‘சிறுபடகு’ என்று பொருள்படும் ‘பார்க்கெட்டா’ என்னும் பெயரால் அழைத்தனர். 1949ஆம் ஆண்டு மில்லே மில்யா, லெ மான் ஆகிய இரு பெரும் பந்தயங்களிலும் ‘166 எம்.எம்.’ வென்றது. மேற்கூரையற்ற சிறு பந்தய வண்டிகளுக்கு ‘பார்க்கெட்டா’ என்பது பின்னர்ப் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது.

பட்டறையின் புகழ் கடல் கடந்தது. இங்கிலாந்தின் ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனம் 1958ஆம் ஆண்டு வெளியிட்ட ‘டி.பி.4’ வண்டிக்கு வடிவம் தந்தவர்கள் டூரிங் பட்டறையினரே. அந்நிறுவனம் முதலில் எண்ணியிருந்த அடிச்சட்டம் இம்முறைக்கு ஏற்றதன்று என்று மிலானில் கூறினர். அதன்படி உறுதியான புதிய அடித்தளம் ஒன்றையே ஆங்கிலப் பொறியாளர் வகுத்தனர். கூடுகளை இங்கிலாந்திலேயே உரிமம் பெற்றுக் கட்டினர். எஞ்சின் மூடியில் ‘சூப்பர்லெஜேரா’ என்னும் சொல்லைப் பொறித்தனர். அதன் வழிவந்த ‘டி.பி.5’ வண்டி 1964ஆம் ஆண்டு ‘கோல்டுஃபிங்கர்’ என்னும் திரைப்படத்தில் தோன்றி உலகெங்கும் அறிமுகமாயிற்று. மஸெராட்டியின் ‘3500 ஜி.டி.’ வண்டிகள் ஏறத்தாழ 2,000க்கும், லம்போர்கினி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்த ‘350 ஜி.டி.’ வண்டிக்கும் டூரிங் பட்டறையே கூடு கட்டியது.

புகழ் உச்சியில் இருந்த அந்த வேளையிலேயே அழிவின் காரணங்கள் வேர்விட்டிருந்தன. அவை இரண்டு. முதலாவது காலத்தின் மாற்றம். போருக்குப்பின் பெரிய தொழிற்சாலைகள் அடிச்சட்டம் வேறு, கூடு வேறு என்னும் பழைய முறையைக் கைவிட்டன. இரண்டையும் ஒன்றாக்கி, எஃகுத் தகடுகளைப் பெரிய அச்சுகளில் அழுத்தி, வண்டியை ஒரே உடலாகச் செய்யலாயின. முட்டைக்குத் தன் ஓடே வலிமை தருவதுபோல், அவ்வண்டிக்கு அதன் உடலே வலிமை தந்தது. அத்தகைய வண்டிக்குத் தனியே கூடு கட்ட ஒருவர் எதற்கு? தனித்த அடித்தளத்தை நம்பியே சூப்பர்லெஜேரா பிறந்தது. அந்த அடித்தளம் அரிதாயிற்று.

இரண்டாவது காரணம் பட்டறை தானே தேடிக்கொண்டது. எண்ணிக்கையில் பெருகினாலன்றிப் பிழைக்க வழியில்லை என்று அதனை நடத்தியவர்கள் கருதினர். மிலானுக்கு வடக்கே நோவா மிலானேசே என்னும் ஊரில் பெரிய தொழிற்சாலை ஒன்றை எழுப்பினர். இங்கிலாந்தின் ரூட்ஸ் நிறுவனத்தின் வண்டிகளை இத்தாலியில் பூட்டித் தருவதற்கு 1960களின் தொடக்கத்தில் ஒப்பந்தம் செய்தனர். ‘சன்பீம் வெனிசியா’ என்னும் வண்டியை 1963ஆம் ஆண்டு வெளியிட்டனர். அது சில நூறுகூட விற்கவில்லை. ரூட்ஸ் நிறுவனமே பணமுடையில் சிக்கித் தள்ளாடியது. எதிர்பார்த்த வேலை வரவில்லை, கடன்மட்டும் நின்றது. 1966ஆம் ஆண்டில் பட்டறையின் கதவுகள் மூடப்பட்டன. நாற்பது ஆண்டுகள் எடையை எதிர்த்துப் போராடிய பட்டறை, தான் சுமந்த எடையினாலேயே அமிழ்ந்தது. எவ்வளவு இலேசான பொருளாயினும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பதை நாம் அறிவோம்.

ஆயினும் அவர்களை எளிதில் குறைகூறுவது நீதியன்று. பெருகாமல் இருந்திருந்தாலும் பட்டறை பிழைத்திருக்கும் என்று யாரால் உறுதி கூற இயலும்? தொழில் நிற்கும் தரையே நகரும்போது, நிற்பவனும் விழுகிறான், ஓடுபவனும் விழுகிறான். எனினும் ஓர் உண்மை தெளிவாகத் தெரிகிறது. டூரிங் பட்டறை உயர்ந்தது, வேண்டாததை நீக்கும் அறிவினால். தளர்ந்தது, பிறருக்கு உரிய பெருந்தொழிலைத் தானும் செய்ய முற்பட்டபோது.

கார்லோ ஃபெலிச்சே பின்னர் ஆல்ஃபா ரோமியோ நிறுவனத்தில் பணியாற்றி, 2003ஆம் ஆண்டு காலமானார். 2006ஆம் ஆண்டு வேறு சிலர் டூரிங் என்னும் பெயரை ஏற்று மீண்டும் தொழில் தொடங்கினர். பெயரை மீட்பது எளிது. கைத்திறனை அடுத்த தலைமுறைக்கு அளிப்பதே அரிது. அப்பட்டறையில் சுத்தியல் பிடித்த தொழிலாளருள் பெரும்பாலோரின் பெயர்களை உலகம் அறியாது. அவர்கள் தட்டி வளைத்த தகடுகள் மட்டும் காட்சிச்சாலைகளிலும் அன்பர்களின் கொட்டகைகளிலும் இருக்கின்றன. விரலால் தட்டினால் மெல்ல ஒலிக்கும் அத்தகடுகளே அவர்கள் வரலாற்றுக்குச் சான்று.