மீன்கொத்தியின் 1857

மாசி மாதம். எங்கள் வெள்ளகோவில் வீரக்குமாரசாமி கோயில் தேர் நிலை சேர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன், போலந்து போய்த் திரும்பியவன், துண்டில் சுற்றிய ஒரு புட்டியைக் கொண்டுவந்து மொட்டைமாடிக் கட்டில் மேல் வைத்தான்.

"அண்ணா, இதைய நீங்க ருசி பாக்கோணுங்க. அவிய ஊர்ல ஆரக் கேட்டாலும் இதுதாஞ் சொல்றாங்க."

பச்சைச் சீட்டில் ஒரு கிரீடம். அதன் கீழே கிராக்கோவ் நாட்டுப்புற உடையில் ஆடும் ஓர் ஆணும் பெண்ணும். ஜிவியெட்ஸ் என்ற ஊர்ப்பெயரே பீருக்கும் பெயர். பக்கத்தில் ஓர் ஆண்டு: 1856.

கண்ணாடிக் குவளையில் ஊற்றினோம். வெயிலில் காய்ந்த புதுச் சோளத்தட்டின் நிறம். மேலே வெள்ளை நுரை இரண்டு விரல் உயரம் நின்று மெல்ல இறங்கியது. முகர்ந்தால் கம்பு மாவைப் பிசையும்போது எழுகிற பச்சைத் தானிய வாசம், அதோடு கொஞ்சம் ஈர வைக்கோல். முதல் மிடறில் இனிப்பு இருப்பதுபோல் பட்டது. விழுங்கியபின் நாக்கின் அடியில் வேப்பம்பூ ரசத்தின் கசப்பு வந்து தங்கியது. ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ தருகிற கசப்பு அது. 1842இல் பொஹிமியாவின் பில்சன் நகரத்தில் யோசெஃப் க்ரோல் வடித்த பொன்னிற பீரின் வழியில் வந்த குடும்பம்தான் இதுவும். மேகாற்று அடிக்கத் தொடங்குமுன் எங்கள் ஊரில் நிலவும் புழுக்கத்துக்கு அது இதமாகவே இருந்தது.

எனக்குத் தெரிந்த மது கள். காலையில் இறக்கியது தேன்போல் இருக்கும், உச்சிப்பொழுதில் சுருக்கென்று ஏறும், அந்தி சாய்ந்தால் புளித்துப் போகும். கள்ளுக்குப் பொழுது உண்டு, ஆண்டு கிடையாது. 1987இலிருந்து தமிழ்நாட்டில் அதை இறக்கவே தடை. ஆகையால் ஒரு புட்டியின் மேல் பிறந்த ஆண்டை அச்சடித்து நூற்று அறுபது வருடத்துக்கும் மேலாகக் காப்பாற்றி வைத்திருப்பது என்னை உட்கார வைத்து யோசிக்கச் செய்தது.

தம்பிதான் அடுத்த முடிச்சைப் போட்டான். "நம்ம கிங்ஃபிஷர்லயும் 1857ன்னு போட்டிருக்குதுங்களே. ஒரு வருசந்தான் வித்தியாசம்."

கிங்ஃபிஷர், அதாவது மீன்கொத்தி, என்ற பெயரோடு இன்றைய பீர் கடைக்கு வந்தது 1978இல். அதைச் செய்யும் யுனைடெட் புரூவரீஸ் பதிவானது 1915 மார்ச் 15 அன்று. அப்படியானால் 1857 யாருடைய பிறந்த ஆண்டு? எந்த ஊரில் பிறந்தது? மறுநாள் காலையில் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இந்த இரண்டு கேள்விகளையும் எழுதினேன்.

முதலில் வடக்கே போய்த் தேடினேன். இந்தியாவில் பீர் வடித்த வரலாறு என்றதும் எல்லா வழியும் இமயமலை அடிவாரத்துக்குத்தான் போகிறது. கசௌலியில் எட்வர்ட் டையர் நடத்திய ஆலை, பிறகு முர்ரி மலையில் 1860இல் தொடங்கிய ஆலை. இந்த எட்வர்ட் டையரின் மகன்தான் ஜாலியன்வாலா பாகில் சுடச் சொன்ன ரெஜினால்ட் டையர். படித்துக்கொண்டிருந்தவன் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடந்தேன். முர்ரி நிறுவனம் பிற்பாடு ஊட்டியிலும் கிளை வைத்து வடித்தது. ஆனால் 1860இல் பிறந்த நிறுவனம் 1857க்கு உரிமை கொண்டாட முடியாது. அந்தத் தடம் அங்கேயே முடிந்தது.

அடுத்து யுனைடெட் புரூவரீஸ் தன் வரலாறாகச் சொல்வதை எடுத்தேன். தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளை ஒரே நிறுவனமாகச் சேர்த்திருக்கிறார். பெங்களூர் புரூயிங் கம்பெனி 1885இல் தொடங்கியது, பிரிட்டிஷ் புரூயிங் கார்ப்பரேஷன் 1903இல். நீலகிரி புரூவரீஸ், பிபிபி புரூவரி இரண்டும் 1913. எல்லாவற்றுக்கும் மூத்தது காசில் புரூவரி; காசில் என்றால் கோட்டை. அதற்கு எதிரே 1857.

முதல் கேள்விக்கு விடை கிடைத்தது. மீன்கொத்தி சுமக்கிற ஆண்டு கோட்டைக்குச் சொந்தமானது. அந்தக் கோட்டை எங்கே இருந்தது என்பது பாக்கி.

இங்கேதான் ஒரு மாதம் வீணாக்கினேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் செங்கல் கட்டடத்தில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவன், பெங்களூரை மனதில் வைத்துக்கொண்டு மைசூர் தொடர்பான தொகுதிகளையே கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அந்த நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூர் என்பதால் வந்த பிழை. ஆலையின் இன்றைய முகவரியை வைத்துக்கொண்டு அதன் பழைய முகவரியைத் தேடக் கூடாது என்பது ஆய்வில் அரிச்சுவடிப் பாடம்.

திருப்பம் பிரான்சிஸ் தொகுத்து 1908இல் வந்த நீலகிரி மாவட்ட விவரச்சுவடியில் கிடைத்தது. காசில் புரூவரி இருந்த இடம் அருவங்காடு. குன்னூருக்கு மேலே, ஊட்டி போகும் வழியில்.

ஊர்ப்பெயரைப் பார்த்ததும் பாதி விஷயம் தானாக விளங்கிவிட்டது. குன்னூரிலிருந்து மலைரயிலில் ஏறினால் முதல் நிலையம் வெலிங்டன், அடுத்தது அருவங்காடு. வெலிங்டனில், அன்றைய பெயர் ஜக்கதல்லா, 1852இல் வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பாளையம் கட்டத் தொடங்கினார்கள். சிப்பாய்க்கு பீர் வேண்டும். இங்கிலாந்திலிருந்து பீப்பாய் கப்பலேறி ஆப்பிரிக்காவைச் சுற்றிவர மாதக்கணக்கில் ஆகும். சூயஸ் கால்வாய் திறந்ததே 1869இல்தான். பாளையத்துக்குப் பக்கத்துப் பள்ளத்திலேயே தண்ணீரும் குளிரும் கிடைக்கும்போது அங்கேயே வடித்துவிடலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ஆறிய கஷாயத்தில் ஈஸ்ட் வேலை செய்யக் குளிர்ச்சி வேண்டும். சமவெளியின் வெயிலில் அது கெட்டுவிடும். இயந்திரக் குளிர்பதனம் வருவதற்கு முன் இந்தியாவின் பழைய பீர் ஆலைகள் மலைகளைத் தேடிப் போனதற்குக் காரணம் இதுதான்.

எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. நான் ஆரம்பத்திலேயே நிக்கல்சனின் 1887ஆம் ஆண்டு கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டைப் புரட்டி, அதில் இந்தக் கதைக்கு வேலையில்லை என்று மூடி வைத்திருந்தேன். மூடியது சரி, காரணம்தான் தவறு. நிக்கல்சன் எழுதிய காலத்தில் நீலகிரி தனி மாவட்டம். ஆனால் 1843இலிருந்து 1868 வரை மலை முழுவதும் கோயமுத்தூர் கலெக்டரின் கீழேதான் இருந்தது. 1868இல் பிரித்து ஜேம்ஸ் பிரீக்ஸை முதல் கமிஷனராகப் போட்டார்கள். ஆக 1857இல் அருவங்காடு இருந்தது கோயமுத்தூர் ஜில்லாவில். எங்கள் வெள்ளகோவிலும் அதே ஜில்லாவில்தான் இருந்தது. உலகமெல்லாம் விற்கிற ஒரு புட்டியின் மேல் அச்சாகியிருக்கும் ஆண்டு, எங்கள் கலெக்டர் கச்சேரிக்கு உட்பட்ட ஒரு பள்ளத்தில் பிறந்தது.

தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப அது நம்ம ஜில்லாச் சரக்குங்களா?" என்றான். ஆமாம் என்றேன்.

இனி வண்டிகள். யுனைடெட் புரூவரீஸின் பழைய கதையில், பெரிய மரப்பீப்பாய்களில் பீரை அடைத்து மாட்டுவண்டிகளில் பட்டாளங்களுக்கு அனுப்பினார்கள் என்று வருகிறது. மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873இல், குன்னூருக்கு 1899இல். அதற்கு முன்னால் மலைப்பாதை முழுக்க மாட்டின் கழுத்தை நம்பியதுதான். காங்கேயத்துக்குப் பக்கத்து ஊர்க்காரனுக்கு இந்த வரி வெறும் தகவலாகப் படவில்லை. என் அப்பாரு வண்டியோட்டிய காலத்தில், இறக்கத்தில் பாரம் முன்னால் தள்ளும்போது மாட்டின் திமில் எப்படி நெளியும் என்று கையால் காட்டுவார். உருளும் பாரத்தை, அதுவும் உள்ளே அலைபாயும் பாரத்தைக் கொண்டை ஊசி வளைவுகளில் பிடித்து நிறுத்துவது எத்தகைய வேலை! லீஷ்மன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்த வண்டிக்காரர்களின் பெயர்களும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

இப்போது போலந்துப் புட்டிக்குத் திரும்புகிறேன். ஜிவியெட்ஸும் மலையடிவார ஊர்தான், பெஸ்கிட் மலைத்தொடரின் காலடியில் இருப்பது. 1856இல் அது போலந்து நாட்டில் இல்லை, ஏனென்றால் அப்போது வரைபடத்தில் போலந்து என்ற நாடே இல்லை. ஆஸ்திரியப் பேரரசின் கலீசியா மாகாணத்தில் இருந்தது. ஆலையைத் தொடங்கியவர் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்து ஆல்பிரெக்ட், 1866இல் குஸ்தோஸாவில் இத்தாலியப் படையை வென்ற தளபதி. 1918இல் பேரரசு உடைந்து போலந்து மறுபடி பிறந்தபோது அந்தக் குடும்பத்தின் ஜிவியெட்ஸ் கிளை போலந்தையே தன் நாடாக ஏற்றுக்கொண்டது. அதற்கு விலையும் கொடுத்தது. 1939இல் ஜெர்மானியர்கள் வந்து, உன் ரத்தம் ஜெர்மன் ரத்தம்தானே, எழுதிக் கையெழுத்துப் போடு என்று ஆலையின் உரிமையாளர் கரோல் ஒல்பிரக்டிடம் கேட்டார்கள். அவர் போலந்துப் படையின் அதிகாரி. மறுத்தார். கெஸ்டபோ சிறையில் அடைத்து வதைத்தது, ஆலையைப் பறித்தது. போர் முடிந்ததும் கம்யூனிஸ்டு அரசு அதைத் தேசியமாக்கியது. அவருடைய மகள் மரியா கிறிஸ்தினா பல்லாண்டு அயல்நாட்டில் வாழ்ந்து 2001இல்தான் சொந்த ஊருக்குத் திரும்பினார். 2012இல் அங்கேயே இறந்தார். ஆலையின் 150ஆம் ஆண்டை ஒட்டி 2006இல் அதன் வளாகத்திலேயே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

இரண்டு ஆலைகளின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தபோதுதான் கடைசி முடிச்சு கண்ணில் பட்டது. 1947இல் யுனைடெட் புரூவரீஸின் முதல் இந்திய இயக்குநரானவர் விட்டல் மல்லையா. அடுத்த ஆண்டு தலைவரானார். அதே 1948இல், அக்டோபர் 2 அன்று, சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு எங்கள் மலைகளையும் எட்டிவிட்டது. மைசூர் சமஸ்தானத்துப் பெங்களூரில் வேர் பிடித்திருந்த நிறுவனம் பிழைத்து வளர்ந்தது. பிறகு அதன் பங்குகள் கைமாறின. ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில் வைத்திருந்த பங்கு 2008இல் ஆம்ஸ்டர்டாமின் பீர் நிறுவனமான ஹைனெக்கனிடம் போனது. 2021 ஜூனில் ஹைனெக்கன் மேலும் பங்குகள் வாங்கி 61.5 சதவீதத்தை எட்டி நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஜிவியெட்ஸ் ஆலையில் அதே ஹைனெக்கன் 1994இல் முதல் பங்கை வாங்கிப் பின்னர் பெரும்பான்மை உரிமையாளரானது.

1856உம் 1857உம் இன்று ஒரே ஆம்ஸ்டர்டாம் வீட்டுப் பிள்ளைகள். மொட்டைமாடிக் கட்டில் மேல் தம்பி வைத்த புட்டியும், அவன் நினைவிலிருந்து சொன்ன புட்டியும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதப்படுகின்றன.

ருசி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜிவியெட்ஸ், கிங்ஃபிஷர் இரண்டுமே லாகர். அடியில் தங்கி மெல்ல வேலை செய்யும் ஈஸ்ட், பிறகு வாரக்கணக்கில் ஏறக்குறைய உறைநிலைக் குளிரில் ஊறல் என்பது அதன் முறை. மத்திய ஐரோப்பாவில் குளிர்காலத்தில் ஏரிப் பனிக்கட்டியை வெட்டி நிலவறையில் அடுக்கி இதைச் செய்தார்கள். கார்ல் ஃபான் லிண்டே குளிர்பதன இயந்திரம் கொண்டுவந்தது 1870களில். 1857இன் அருவங்காட்டுக்கு அந்த வசதி இல்லை. நீலகிரியின் குளிர், மேலே நுரைத்து வேகமாகப் புளிக்கும் ஏல் வகைக்கே ஒத்துவரும். அன்று வெலிங்டன் சிப்பாய் குடித்தது கலங்கலும் கனமுமான ஒரு ஆங்கிலேய பீராகத்தான் இருந்திருக்கும் என்பது என் முடிவு. இன்றைய மீன்கொத்திப் புட்டியில் இருக்கும் பொன்னிறத்துக்கும் அதற்கும் உறவு இல்லை. ஆண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

பங்குனியில் அருவங்காட்டுக்குப் போனேன். பள்ளத்தின் பெரும்பகுதி இப்போது கார்டைட் தொழிற்சாலை. 1903இல் நிறுவப்பட்ட வெடிமருந்து ஆலை, உள்ளே போக அனுமதி இல்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். யூகலிப்டஸ் மரங்கள், ஓட்டுக் கூரைகள், கீழே கல்லில் மோதி ஓடும் ஒரு ஓடை. ஜிவியெட்ஸில் அருங்காட்சியகம் இருக்கும் இடத்தில் இங்கே ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. குன்னூர் போகும் ரயில் வரும்வரை நிலையத்துத் திண்ணையில் உட்கார்ந்து, ஓடை போகும் திசையை நோட்டில் வரைந்து கொண்டேன்.

புட்டியைத் தம்பி எறியவில்லை. சித்தி அதைக் கழுவி, சீட்டை உரிக்காமல், விளக்கெண்ணெய் ஊற்றி அடுக்களை மாடத்தில் வைத்திருக்கிறார்.