ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை! - கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களின் வரலாறு

ரொட்டி சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்கிறது. வலி, பேதி, நாள் முழுக்க அசதி. ரொட்டியை நிறுத்தினால் சில நாட்களில் சரியாகிவிடுகிறது. திரும்பச் சாப்பிட்டால் திரும்ப வருகிறது. டாக்டரிடம் போனால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார். எண்டோஸ்கோப்பி செய்து குடலில் துளி சதை எடுத்துப் பார்க்கிறார். எல்லாம் நார்மல். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுகிறார். வீட்டிலோ "எல்லாம் மனசுதான் காரணம்" என்கிறார்கள்.

கோதுமையே மூன்று வேளைச் சாப்பாடாக இருக்கும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இப்படி அலைகிறவர்கள் ஏராளம். இந்த "ஒன்றுமில்லை" எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் நூற்று முப்பது வருடங்களுக்கும் மேலான ஒரு கதை கிடைக்கிறது. அந்தக் கதையில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப நடக்கிறது. பத்தியம் சரியாக இருக்கிறது, அதற்குச் சொன்ன காரணம் தப்பாக இருக்கிறது!

முதலில் குளூட்டன் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கோதுமை மாவைப் பிசைந்து உருண்டையாக்கி, தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தால் மாவுச்சத்து கரைந்து போய்விடும். கையில் ரப்பர் மாதிரி ஒன்று மிஞ்சும். அந்தப் புரதம்தான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் துணி போல விரிவது இதனால்தான். அரிசி மாவில் இது கிடையாது, அதனால்தான் அரிசி மாவில் யாரும் பரோட்டா வீசுவதில்லை.

கதை லண்டனில் தொடங்குகிறது. (அதற்கும் முன்னால், சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அரிட்டியஸ் என்ற கிரேக்க மருத்துவர் இந்த மாதிரி வயிற்று நோயை எழுதி வைத்திருக்கிறார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்துதான் 'சீலியாக்' என்ற பெயரே வந்தது.) 1887 அக்டோபரில் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் இந்த நோயைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டு அது அச்சில் வந்தது. குச்சி போன்ற கை கால், உப்பிய வயிறு, வெளிறிய மலம், வளராத குழந்தை. இதைக் குணப்படுத்த முடியுமென்றால் அது சாப்பாட்டின் மூலமாகத்தான் முடியும் என்று கீ தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் எந்தச் சாப்பாடு? அங்கேதான் வேடிக்கை. அரிசியும் ஜவ்வரிசியும் ஆகாது என்று தள்ளிவிட்டு, மெல்லியதாக வெட்டி இரண்டு பக்கமும் நன்றாக வாட்டிய ரொட்டியைக் கொடுக்கலாம் என்றார்! கொடுக்க வேண்டியதைத் தடுத்து, தடுக்க வேண்டியதைக் கொடுத்திருக்கிறார்.

அதே உரையில் இன்னொரு குழந்தை வருகிறது. தினமும் ஒரு குவார்ட், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாக, ஹாலந்துக் கடல் மட்டியைத் தின்று அந்தக் குழந்தை அருமையாகத் தேறியது. மட்டி சீசன் முடிந்ததும் நோய் திரும்பிவிட்டது. அடுத்த வருட சீசனில் குழந்தை மட்டியைத் தொடவே மறுத்துவிட்டது. மட்டியில் அப்படி என்ன மருந்து இருந்தது? அநேகமாக ஒன்றும் இல்லை. வயிறு நிறைய மட்டி தின்ற குழந்தைக்கு ரொட்டிக்கு இடமிருந்திருக்காது, அவ்வளவுதான்.

அடுத்தது வாழைப்பழம். நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் 1924இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரொட்டி, தானியங்கள், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாழைப்பழத்தை முக்கிய உணவாக்கிய எட்டுக் குழந்தைகள் தேறினார்கள், அந்தப் பத்தியம் இல்லாத இருவர் இறந்துபோனார்கள். சாவுக்குப் பக்கத்தில் இருந்த குழந்தைகள் எழுந்து நடந்தால் பெற்றோர் யார்தான் நம்ப மாட்டார்கள்? முப்பது வருடத்துக்கு அமெரிக்காவில் வாழைப்பழப் பத்தியம் ஓடியது. புகழ் முழுவதும் வாழைப்பழத்துக்குப் போயிற்று, நிறுத்தப்பட்ட ரொட்டியை யாரும் கவனிக்கவில்லை. இதை ஒரு சுவாரசியமான தவறு என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. பழம் நோயைக் குணப்படுத்திவிட்டது என்று நம்பினால் அடுத்த கட்டம் என்ன? பழையபடி ரொட்டி சாப்பிட அனுமதிப்பதுதான். வாழ்நாள் முழுக்கக் கோதுமையைத் தவிர்க்க வேண்டியவர்கள் 'குணமாகி' வீட்டுக்குப் போனார்கள். காரணம் தப்பானால் இப்படித்தான், கணக்கு பல வருடம் கழித்து வந்து சேரும்.

சரியான காரணத்தைப் பிடித்தவர் நெதர்லாந்துக்காரர், வில்லெம் கரேல் டிக்கே. 1905இல் பிறந்தவர், ஹேக் நகரில் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை மருத்துவராக இருந்தவர். இவரைப் பற்றி இணையத்தில் சுற்றும் கதை இது: 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் உணவு வரத்தை முடக்கியதால் நாட்டில் பெரும் பஞ்சம். ஜனங்கள் டூலிப் கிழங்கையும் சர்க்கரைக் கிழங்கையும் தின்று உயிர் பிழைத்தார்கள். அப்போது சீலியாக் குழந்தைகள் மட்டும் விசித்திரமாகத் தேறினார்கள், ரொட்டி வந்ததும் மறுபடி படுத்தார்கள், டிக்கே கண்டுபிடித்தார்! கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டிக்கே போருக்கு முன்பே, 1930களிலேயே கோதுமையைச் சந்தேகித்துவிட்டார். ரொட்டியை நிறுத்தினால் தன் பிள்ளைக்குச் சரியாகிறது என்று ஒரு தாய் சொன்னதும் அவரை யோசிக்க வைத்ததாகச் சொல்கிறார்கள். 1941இலேயே கோதுமையில்லாப் பத்தியத்தைப் பற்றி டச்சு மருத்துவ இதழில் எழுதிவிட்டார். பஞ்சம் அவருடைய சந்தேகத்தை உறுதி செய்தது, அவ்வளவே. பஞ்சத்துக்குக் கிடைத்த பெயர் அந்தத் தாய்க்குக் கிடைக்கவில்லை.

போருக்குப் பிறகு டிக்கே அதை நிரூபித்த விதம் மிக எளிமையானது, மிகப் பொறுமையானதும்கூட. குழந்தைகளை நீண்ட நாள் மருத்துவமனையில் வைத்து, ஒரு கட்டம் கோதுமை இல்லாமல், ஒரு கட்டம் கோதுமையோடு என்று மாற்றி மாற்றி உணவு கொடுத்தார். மலத்தில் வீணாகும் கொழுப்பை அளக்க வான் டி காமர் என்ற வேதியியலாளர் ஒரு முறையை உருவாக்கிக் கொடுத்தார். கோதுமை வந்தால் கொழுப்பு எகிறும், போனால் இறங்கும். 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டிக்கேயின் ஆய்வேடு வெளிவந்தது. கோதுமையின் மாவுச்சத்து குற்றவாளி அல்ல, குளூட்டன் பகுதிதான் என்பதும் அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அதுவரை பத்தியம்தான் பரிசோதனை. நிறுத்தினால் சரியாகிறதா, கொடுத்தால் வருகிறதா என்பதுதான் கேள்வி. 1950களின் நடுவில் இது மாறியது. 1954இல் ஜான் பாலி என்ற ஆங்கிலேய மருத்துவர் அறுவை சிகிச்சையின்போது எடுத்த குடல் துணுக்குகளில் பாதிப்பைக் காட்டினார். 1957இல் கிராஸ்பி கேப்ஸ்யூல் வந்தது. மெல்லிய குழாயின் நுனியில் ஒரு சின்ன உலோக உருளை, உள்ளே ஸ்பிரிங் வைத்த கத்தி. நோயாளி அதை விழுங்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். குடலுக்குள் போனதும் வெளியிலிருந்து காற்றை உறிஞ்சினால் கத்தி சுழன்று ஒரு துளி சதையை வெட்டிக்கொள்ளும். சிறுகுடலின் உள்பக்கம் விரல் விரலாக நிற்க வேண்டிய குடலுறிஞ்சிகள் சீலியாக்காரர்களுக்குத் தட்டையாகிக் கிடப்பதை இனி எல்லோரும் கண்ணால் பார்க்கலாம்.

பெரிய முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. பிற்பாடு ரத்தப் பரிசோதனையும் வந்து வேலை இன்னும் எளிதாயிற்று. ஆனால் கண்ணால் பார்க்க ஒரு அடையாளம் வந்தவுடன், அந்த அடையாளம் இல்லாதவர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. இருப்பாய்வு டேலி ஆகிவிட்டது என்பதாலேயே கணக்கில் பிழையில்லை என்று சொல்ல முடியுமா? ஒரு நடவடிக்கையை அடியோடு எழுதாமல் விட்டிருந்தாலும் இருப்பாய்வு அழகாக டேலி ஆகும்.

வெளியே நின்றவர்களைப் பற்றி முதலில் பேசியவர்களில் எல்லிஸ், லினாக்கர் என்ற இருவர் முக்கியமானவர்கள். 1978இல் 'லான்செட்' இதழுக்கு அவர்கள் எழுதிய சிறு கடிதத்தின் தலைப்பு, சீலியாக் அல்லாத குளூட்டன் ஒவ்வாமை என்ற பொருளில், கேள்விக்குறியோடு இருந்தது. குடல் சதை நார்மலாக இருந்தும் குளூட்டனை நிறுத்தியதும் தேறிய ஒரு பெண்ணின் கதை அது. 1980இல் பர்மிங்ஹாம் மருத்துவர்கள் அதே மாதிரியான சில பெண்களைப் பற்றி எழுதினார்கள். பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் பெரிய பேச்சில்லை. இப்படி வந்தவர்களுக்கு ஐபிஎஸ் என்ற எரிச்சல் குடல் நோய்ப் பட்டத்தைக் கட்டி அனுப்பினார்கள். பட்டம் கட்டினால் வலி போய்விடுமா என்ன?

2011இல் லண்டனில் கூடிய நிபுணர்கள் அந்தக் கேள்விக்குறியை எடுத்தார்கள். மறு ஆண்டு வெளியான அவர்களின் அறிக்கையில் இது தனி வகையாகவே இடம்பெற்றது. சீலியாக் இல்லை, கோதுமை அலர்ஜியும் இல்லை, ஆனால் குளூட்டன் ஒத்துக்கொள்வதில்லை. எல்லாம் 'இல்லை இல்லை' என்று சொல்லி எழுதிய இலக்கணம்! இருந்தாலும் பல பேருக்கு அதுவே பெரிய ஆறுதல். பெயராவது கிடைத்ததே.

அதே 2011இல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகக் குழு, சீலியாக் இல்லாத 34 பேரை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டது. தினமும் ரொட்டியும் மஃபினும் கொடுத்தார்கள். எதில் குளூட்டன் இருக்கிறது என்று சாப்பிடுபவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. குளூட்டன் சாப்பிட்ட 19 பேரில் 13 பேருக்குத் தொல்லை கட்டுப்படவில்லை, சாப்பிடாத 15 பேரில் 6 பேருக்கு மட்டுமே அப்படி. அப்படியானால் குளூட்டன்தான் குற்றவாளி என்று உலகம் முடிவு கட்டியது. கடைகளில் 'குளூட்டன் ஃப்ரீ' அலமாரிகள் நீண்டன.

அந்தக் குழு அங்கே நிறுத்தியிருந்தால் கொண்டாடப்பட்டிருக்கும். நிறுத்தவில்லை என்பதுதான் இந்தக் கதையிலேயே பாராட்ட வேண்டிய விஷயம். கோதுமையில் குளூட்டனோடு ஃப்ரக்டான் என்ற மாவுப்பொருளும் இருக்கிறது. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியாவால் புளித்து வாயுவாகிற வகை. வெங்காயத்திலும் பூண்டிலும்கூட உண்டு. இந்த வகைச் சர்க்கரைகளுக்கெல்லாம் ஃபோட்மேப் என்று பொதுப்பெயர். 2013இல் அதே குழு 37 பேருக்கு முதலில் ஃபோட்மேப் குறைந்த உணவைக் கொடுத்தது. எல்லோருக்கும் தொல்லை குறைந்தது. பிறகு ரகசியமாகக் குளூட்டனை அதிகமாக, குறைவாக, இல்லாமல் என்று மாற்றிக் கொடுத்தபோது வித்தியாசமே தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் தாங்களே சொன்னதைத் தாங்களே அசைத்துவிட்டார்கள்.

2018இல் ஆஸ்லோவிலிருந்து வந்த முடிவு இன்னும் கூர்மையானது. தாமாகவே குளூட்டனை விட்டுவிட்ட 59 பேர். பார்க்க ஒரே மாதிரியான மூன்று வகை மியூஸ்லி பார், ஒவ்வொன்றும் ஒரு வாரம். ஒன்றில் குளூட்டன், ஒன்றில் ஃப்ரக்டான், ஒன்றில் இரண்டும் இல்லை. அதிகத் தொல்லை எப்போது என்று பார்த்தால், குளூட்டன் வாரத்தில் 13 பேருக்கு, ஃப்ரக்டான் வாரத்தில் 24 பேருக்கு, ஒன்றுமே இல்லாத வாரத்தில் 22 பேருக்கு!

22 என்ற எண்ணைப் பார்த்ததும் "மனசுதான் காரணம்" கட்சிக்காரர்கள் குதிப்பார்கள். வருமோ வருமோ என்று பயந்தே வயிற்றைக் கலக்குவது உண்மையில் நடப்பதுதான். ஆனால் 24ஐயும் சேர்த்தே படிக்க வேண்டும். ரொட்டி சாப்பிட்டால் தொல்லை என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. ரொட்டிக்குள் இருக்கும் ஆளைத்தான் மாற்றிக் காட்டினார்கள். ஹாஸ் வாழைப்பழத்தைப் புகழ்ந்த மாதிரி இவர்கள் குளூட்டனைத் திட்டினார்கள். இதுவும் வெறும் ஏட்டு விவகாரமில்லை. குளூட்டன்தான் என்று நம்புகிறவர் அதிக விலை கொடுத்து குளூட்டன் இல்லாத ரொட்டி வாங்கி, அதை வெங்காயமும் பூண்டும் போட்ட சூப்பில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "எங்கேயோ துளி கோதுமை கலந்துவிட்டது" என்று சமையற்காரரைச் சந்தேகிப்பார்.

ஃப்ரக்டானோடு விஷயம் முடிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. பலெர்மோ நகர மருத்துவர்கள் 2012இல், ஐபிஎஸ் உள்ள 920 பேரில் 276 பேருக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ரகசியச் சோதனையிலேயே காட்டினார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2016இல், இப்படிப்பட்ட 80 பேரின் ரத்தத்தில் குடல் சுவர் பாதிப்பைக் காட்டும் அடையாளங்களைக் கண்டது. கோதுமையில் உள்ள வேறு சில புரதங்கள் மேலும் சந்தேகம் உண்டு. ஒரே பெயருக்குக் கீழே இரண்டு மூன்று நோய்கள் கலந்து கிடக்கலாம்.

நம்மூர்ப் பக்கம் இந்தப் பேச்சு குறைவு என்பதற்குக் காரணம் உண்டு. 2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் சீலியாக் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவரை விடச் சற்று அதிகமாகவும், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும்தான் இருந்தது. ஆனால் கோதுமையைத் தவிர்க்க நினைப்பவருக்கு இட்லி சாம்பாரிலும் பொறி உண்டு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். (சாம்பார் வெங்காயத்தில் ஃப்ரக்டான் இருப்பது தனிக்கதை!)

சந்தேகப்படுகிறவர்கள் சாதாரணமாகச் செய்கிற தவறு ஒன்று உண்டு. முதலில் கோதுமையை நிறுத்திவிட்டு, பல மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போவது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சீலியாக் ரத்தப் பரிசோதனையிலும் குடல் சதையிலும் தெரியும். நிறுத்திவிட்டுப் போனால் உண்மையான சீலியாக்காரருக்கே 'நெகட்டிவ்' வரலாம். ஏற்கனவே நிறுத்தியவர்கள், டாக்டர் சொல்லும் அளவுக்குச் சில வாரம் திரும்பச் சாப்பிட்டுவிட்டுத்தான் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

அதையும் செய்து, அப்போதும் நெகட்டிவ் வந்து, அப்போதும் வயிறு கேட்காதவர்களுக்கு இன்றுவரை தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. 2014இல் இத்தாலியின் சலெர்னோவில் நிபுணர்கள் வகுத்த முறையும், சில வாரம் நிறுத்து, பிறகு எதில் குளூட்டன் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு வாரம் சாப்பிடு, இடைவெளி விட்டு மறுபடி இன்னொன்றைச் சாப்பிடு, தினமும் தொல்லைக்கு மதிப்பெண் போடு என்பதுதான். அதை முழுசாக நடத்த மாதக்கணக்கில் பொறுமையும், சுவையில் வித்தியாசம் தெரியாத ரொட்டி சுடத் தெரிந்த ஆளும் வேண்டும்.